நீ கேட்ட லேகியத்தைப் பற்றி

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "விலாசம் எழுதி வச்ச நோட்டைத் தேடிப் பார்த்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேனே, அது பொய். நோட்டும் கைக்கெட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது, விலாசமும் எனக்கு மனப்பாடம். லேகியம் கொடுத்த அந்த வைத்தியரின் மகன் இப்போது கடையைப் பெரிதாக்கி, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நம் ஊர் பஸ் நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரம். வாங்கிக் கூரியரில் போட எனக்கு அரை நாள் போதும். ஆனால் போட மாட்டேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியாது. நடுவில் நீ "எம்மா, ஒரு நிமிஷம்" என்பாய். அந்த ஒரு நிமிஷத்தில் மோட்டாரை நிறுத்தி, கார் சாவியைத் தேடி, பால்கனிச் செடிக்குத் தண்ணீரும் ஊற்றிவிட்டு வருவாய். நான் எங்கே விட்டேன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் மறந்திருக்கும். முப்பத்து நாலு வயதாகியும் நீ அப்படித்தான் இருக்கிறாய். காகிதம் என்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் படித்துக்கொள்ளலாம்.

நீ சொன்னதில் இரண்டு விஷயம் என் மனதில் நின்றுவிட்டன. பேத்தி யாழினிக்குக் கவனம் நிற்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லி ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாதமாகச் சேர்த்திருக்கிறீர்கள். இது எனக்கு முன்னமே தெரியும். புதிதாகச் சொன்னது, நித்யா அதை நிறுத்திவிடலாம் என்கிறாள் என்பது. "அந்த மிஸ்கிட்ட முக்கால் மணி நேரம் அசையாம உக்காருதாம்மா. வீட்டுக்கு வந்தா எங்ககிட்ட ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டேங்கா. அப்ப அந்தப் பயிற்சி எதுக்குன்னு இவ கேக்கா. எனக்கு நீ குடுத்தியே ஒரு லேகியம், அதுலதான நான் சரியானேன், அதையே இவளுக்கும் குடுத்துப் பாப்போம்" என்றாய். நீ பேசி முடித்தபோது எனக்கு மருமகள் மேல் கோபம் வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய என் முகத்தை யாரோ என் முன்னால் கொண்டுவந்து நீட்டிய மாதிரி இருந்தது. நீ அந்த லேகியத்தில் சரியாகவில்லை மக்கா. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னிடமும் சொல்லிச் சொல்லி நம்ப வைத்தேன். உன் சித்தி மேல் இருந்த பொறாமை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

உனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாகத் தறி போட்டிருந்த காலம். முன்கட்டில் நாம், பக்கத்துக் கட்டில் சித்தி வீடு, பின்னால் எட்டு விசைத்தறி ஓடுகிற ஷெட். சித்தி மேலநீலிதநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் பன்னிரண்டு முடித்து டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணினவள். அவள் ஷெட்டில் நான்கு தறியைப் பார்த்துக்கொண்டாள். நான் சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. முன் கூடத்தில், என் பட்டாசாலையில், பத்துப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். பெற்ற பிள்ளை நீ மட்டும் ஜன்னல் கம்பியில் ஏறி நிற்பாய். கட்டிலைச் சுற்றி ஓடுவாய். பக்கத்துப் பிள்ளையின் ரப்பரைக் கடிப்பாய். நான்காம் வகுப்பு வந்தும் ஒரு பாடத்தை முழுசாகக் கேட்டு நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிப்பாய். "ஊர்ப் பிள்ளையெல்லாம் படிக்க வைக்கா, தன் பிள்ளைய வைக்க முடியலையே" என்று பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒருத்தி வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. டியூஷனை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். உன் அப்பாதான் விடவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது என் அலைச்சல். யார் எதைச் சொன்னாலும் செய்தேன். வல்லாரையைத் துவையலாக, தோசையாக, பாலில் போட்டு என்று ஒரு மண்டலம் கொடுத்தேன். நீ கீரைக்காரி குரல் கேட்டாலே மாடிக்கு ஓடிப்போவாய். சர்க்கரையை நிறுத்தினேன். நீ எதிர்வீட்டில் போய்ப் பூஸ்ட் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு வந்தாய். கோமதி அம்மன் கோயிலில் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசினேன். சன்னதி முன்னால் தரையில் இருக்கிற சக்கரக் குழியில் உட்கார்ந்தால் மனம் ஒருநிலைப்படும் என்று உன்னையும் உட்கார வைத்தேன். கண்ணை மூடு என்றதற்கு ஒரு கண்ணை மட்டும் மூடினாய், இன்னொரு கண்ணால் மேலே பறந்த புறாவை எண்ணினாய். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொன்னார் ஒருவர், கூட்டினேன். நீ நோட்டில் பழைய பெயரையே எழுதினாய். இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு ஒவ்வொன்றும் பலிக்காமல் போனபோது பூஜை அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். திருநெல்வேலியில் பிள்ளைகள் மனநல டாக்டர் இருக்கிறார் என்று உன் அப்பா இரண்டு தடவை சொன்னார். "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான் ஒரு சாயங்காலம் உன்னைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்னால் ஷெட்டுக்கு வந்தேன். எட்டுத் தறியும் ஓடும்போது உள்ளே பக்கத்தில் நிற்கிறவர் பேசினால்கூடக் கேட்காது என்று உனக்குத் தெரியும். சித்தி தறிக்குத் தறி நடந்து குறுக்கு இழையை ஓட்டுகிற நாடாவில் தீர்ந்துபோன தாரை மாற்றிக்கொண்டிருந்தாள். நூல் சுற்றின அந்தச் சின்னக் கட்டைகள் இருந்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ பின்னாலேயே போனாய். உன் வாய் ஓயவில்லை. விரலை மடக்கி மடக்கி எதையோ கத்திச் சொல்கிறாய், அவள் குனிந்து காதைக் கொடுக்கிறாள், திரும்பி ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறாள், நீ மறுபடி கத்துகிறாய். நடுவில் ஓடிப்போய் ஆறாம் தறியைத் தொட்டுக் காட்டினாய். அவள் வந்து பார்த்து அறுந்த இழையை முடிந்தாள். நீ விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாய். கதவோரம் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம். என் பிள்ளை ஒரே காரியத்தில் அரை மணி நேரம் நின்றான்.

எந்தத் தாயாக இருந்தாலும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்திருப்பாள். எனக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல். நான் விரதம் இருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கையில் பிரம்பும் கண்ணில் தண்ணீருமாகக் கேட்டும் கிடைக்காததை, எட்டாம் வகுப்புப் படித்தவள் தாரை மாற்றிக்கொண்டே வாங்கிவிட்டாளே என்று எரிந்தது. அவளுக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, என் பிள்ளையும் எதற்கு என்று தோன்றியது. அன்றைக்கே அவளிடம் போய், "என்னட்டி செய்தே, எனக்கும் சொல்லு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பெரியவள் ஆகிவிடுவாள் என்று கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் செய்தது என்ன தெரியுமா? சித்தப்பாவும் அவளும் இருக்கும்போதே உன் அப்பாவிடம் சொன்னேன், "உங்க தம்பி பெண்டாட்டி என் பிள்ளையைத் தார் சுமக்க வச்சு வேலை வாங்குதா. படிக்கிற பிள்ளைய இப்படிப் பாழாக்கினா நான் இங்கன இருக்க மாட்டேன்." சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சித்தி மட்டும், "அக்கா, அவனாத்தான் தூக்குதான், நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தறிச் சத்தத்தில் பிள்ளைக்குக் கவனம் எப்படி நிற்கும், அமைதி வேண்டும் என்று காரணம் சொல்லி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு பார்த்துக் குடிவந்தோம். நீ நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதான் வீடு மாறினோம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய். சத்தத்திலிருந்து உன்னைப் பிரிக்க நான் மாறவில்லை, அவளிடமிருந்து பிரிக்க மாறினேன்.

அந்த வீட்டின் அமைதி உனக்கு ஒத்துவரவே இல்லை. டியூஷன் பிள்ளைகள் அங்கேயும் வந்தார்கள்; அவர்கள் போனதும் டி.வி.யை மூடி வைத்தேன், ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன், டிக் டிக் என்கிறது என்று கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டேன். நீ குழாய் சொட்டுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டாய். அதை அடைத்தால் பல்லியைப் பிடித்துக்கொண்டாய். அப்போதுதான் இந்த லேகியம் வந்தது. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. கசப்பில் நீ முகத்தைச் சுளிக்க, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊட்டுவேன். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அரைப் பரீட்சையில் நீ எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணி, கணக்கில் வகுப்பில் மூன்றாவதாக வந்தாய். நான் தெருவெல்லாம் பூந்தி கொடுத்தேன். வைத்தியருக்கு வேட்டி எடுத்துக்கொண்டு போய்க் காலில் விழுந்தேன். அதுவரைக்கும் நானும் நிஜமாகவே நம்பினேன், அந்த ஒரு பாவம் எனக்கு இல்லை.

அந்த வாரக் கடைசியில் உனக்கு எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தேன். தலைமுடிக்குள் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத்தூசி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் எந்த வீட்டில் தறி ஓடுகிறது? கபடி விளையாடிவிட்டு வருகிறேன் என்று தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக நீ வந்தது எங்கேயிருந்து என்று அப்போது விளங்கியது. நீ காதைப் பொத்திக்கொண்டு அடிக்காக உட்கார்ந்திருந்தாய். நான் அடிக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் சீயக்காய் போட்டுத் தலையை அலசி விட்டேன். மார்க்கு வருகிறதே என்று உன்னைத் தடுக்கவில்லை, அவளுக்கு நன்றியும் சொல்லவில்லை. தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

அடுத்து பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. உன் டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி, "இந்தப் பையன் இவ்வளவு மாறியிருக்கான், வீட்டுல என்ன செஞ்சீங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். தன் மகளுக்காகச் சித்தியும் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, "ஒரு லேகியம் குடுத்தேன் டீச்சர்" என்றேன். டீச்சர் அவளையும் பார்த்து, "நீங்க சித்திதானே, அப்படியா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, "ஆமா டீச்சர், அக்கா இவனுக்காக அலையாத இடமில்ல" என்றாள். அது பொய்யும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அதற்காகவே அவளை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

அந்த ஒரு பதிலால் வந்த கேடு நம் வீட்டோடு நிற்கவில்லை. கூட்டத்தில் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டம்மா மறுநாளே விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். அவள் மகளுக்கும் உன்னைப்போலத்தான். திருநெல்வேலி டாக்டரிடம் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மா, என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் கழித்து மார்க்கெட்டில் பார்த்தபோது, "எங்க பிள்ளைக்குப் பிடிக்கல போல, மறுபடி டாக்டர்கிட்டயே போறோம். நடுவுல ஒரு வருஷம் போயிட்டு" என்றாள். என்னைத் திட்டவில்லை. தன் பிள்ளையின் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தக்காளி விலையைப் பேசிவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகும் என் எரிச்சல் அடங்கவில்லை. முதல் சம்பளத்தில் எனக்கும் சித்திக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்து வந்தாயே, நிறம் மட்டும் வேறு. அவளுடைய நிறம்தான் நன்றாக இருந்தது என்று ஒரு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் குறைகிறது என்று நித்யா தேடினாளே, அது இங்கேதான் இருக்கிறது. தாலி கட்டி முடித்ததும் நீ சித்தியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம். மிக்சி வாரண்டி அட்டையோடு பீரோவில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

லேகியம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. வல்லாரைத் துவையல் இல்லாமல் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனால் உனக்கு நடந்ததற்கு அது காரணமில்லை. உனக்கு நடந்ததுதான் யாழினிக்கும் நடக்கும் என்பதும் இல்லை. அவளைப் பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் அவள் வாயில் எதையும் வைக்காதே. டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதே. இதைச் சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு இதை எனக்குச் சொல்ல ஒருவர் இருந்தார், நான் அவரைக் கத்தி அடக்கினேன். நீ என்னை அடக்காதே.

நித்யாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதை அவளிடம் படித்துக் காட்டு. அம்மா, உனக்குக் காசு பெரிதில்லை, பயிற்சி பிடிக்காமலும் இல்லை. வயிற்றில் சுமந்தவள் கூப்பிட்டால் வராத பிள்ளை, நேற்று வந்த ஒருத்தி கூப்பிட்டதும் போய் உட்காருகிறதே என்றுதான் உனக்கு எரிகிறது. எரியத்தான் செய்யும். அதற்காக வெட்கப்படாதே, ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்காதே. நான் அதற்கு அமைதி என்று பெயர் வைத்து வீடு மாறினேன், லேகியம் என்று பெயர் வைத்து ஊரை ஏமாற்றினேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தபாலில் போடப் போனேன், மனம் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு சித்தியிடம் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. அப்படியே பழைய தெருவுக்கு நடந்தேன். ஷெட்டில் இப்போது பத்துத் தறி. சித்தி முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொள்கிறாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, "என்னக்கா, அத்தானுக்கு ஏதும் முடியலையா?" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் நான் காரணமில்லாமல் அந்த வாசலை மிதித்ததில்லை, அதனால் அப்படித்தானே கேட்பாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே முந்தானையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எல்லாம் தெரியும்க்கா, விடுங்க" என்றாள்.

விடாமல் கேட்டேன். "அவனுக்கு நீ என்னட்டி சொல்லிக் குடுத்தே? எப்படிச் சொல்லிக் குடுத்தே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? நானே எட்டாப்பு. அவன்தான் எனக்குச் சொல்லுவான். 'எங்கம்மா நேத்து டியூஷன்ல செடி எப்படிச் சோறு பொங்கும்னு சொன்னா, கேளு சித்தி'ன்னு ஆரம்பிப்பான். நீங்க மத்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன அம்புட்டையும், நீங்க கையை ஆட்டுற மாதிரியே ஆட்டிச் சொல்லுவான். நான் 'அப்புறம்?' 'அப்புறம்?'னு கேப்பேன். அவ்வளவுதான்."

"ஏன்ட்டி இதை எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியேக்கா."

ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, ரப்பரைக் கடித்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றையும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நான் கேட்டபோது சொல்ல வராததை, நடந்துகொண்டே அவளிடம் சொல்லியிருக்கிறாய். அரை மணி நேரம் கதவோரம் நின்று நான் பொறாமைப்பட்டது என் பாடத்தைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்து இந்தக் கடைசிப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

நித்யாவிடம் சொல், அடுத்த வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது வாசலோடு திரும்பி வர வேண்டாம். அந்த மிஸ்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும். முக்கால் மணி நேரமும் யாழினி யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று.

உன் அம்மா